முன்வாசல் விளக்கு

ஜூன் 2

ஒருவழியாக வீடு கிடைத்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து இந்த வெள்ளைக்கரட்டூருக்கு மாற்றல் வாங்கி வந்ததிலிருந்து நானும் மகள் தேனுவும் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் கிடந்தோம். வாங்கி வந்தேன் என்றா எழுதினேன்? கொடுத்தார்கள். மின்வாரியத்தில் ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளராகப் பதவி உயர்வு வேண்டுமென்றால் இந்த ஊர், இல்லையென்றால் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்திரு என்றார்கள். இருபது வருஷம் கழித்து உட்கார்ந்த இடத்திலேயே ஓய்வு பெறும் ஜாதி நான் இல்லை. மூட்டை கட்டினேன்.

பார்த்த வீடுகளிலெல்லாம் ஒரே கேள்விதான். "ஊட்டுக்காரர் எங்கீங்க?" கப்பலில் எலக்ட்ரீஷியன் என்று சொன்னதும் முகம் மாறுகிறது. கப்பலில் போகிறவனெல்லாம் ஓடிப்போனவன் என்று நினைப்பார்கள் போல. தனியாக ஒரு பொம்பளை, கையில் ஐந்து வயதுப் பிள்ளை. வீடு பூட்டியே கிடக்கட்டும், இவளுக்கு வேண்டாம்.

நாச்சிமுத்து ஒருவர்தான் எதுவும் கேட்கவில்லை. "கரண்ட் ஆபீஸுக்கு வந்திருக்கற ஏ.இ. மேடம் நீங்கதானுங்களா? உங்களுக்கு இல்லாத வீடுங்களா!" என்றார். அட்வான்ஸ்கூட வேண்டாமாம். தெருக் கோடியில் தோட்டத்தை ஒட்டிய வீடு. முன்பகுதி எங்களுக்கு, பின்பகுதியில் அவரும் அவர் மனைவி தெய்வானையக்காவும். இந்தக் காலத்திலும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' சேர்க்கிறார்கள். நாயை விரட்டும்போதுகூடச் சேர்ப்பார்களோ என்று தேனு கேட்கிறாள்.

ஜூன் 5

அலுவலகத்தில் ஆட்களைச் சந்தித்தேன். கம்பம் ஏறுகிறவர்களில் மூத்தவர் மாகாளி. நாற்பது வயதிருக்கும். ஏறுவதற்கு முன் கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். ஏறியதும் பாட ஆரம்பிக்கிறார். சுருதிக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. கீழே நிற்கிறவர்கள் பழகிவிட்டார்கள்.

"மேடம், உங்க வீடு லைன்ல கடைசி வீடுங்க" என்றார். "வேலைக்காக கரண்ட நிறுத்தற நாள்ல, அந்த வீட்டு முன்வாசல் லைட்டத்தான் நாங்க பாக்கறது. காலைலயே போட்டு வெச்சிருங்க. அது அணைஞ்சா லைன் செத்துருச்சுன்னு அர்த்தமுங்க. அப்பறந்தான் ஏறுவோம்."

"எர்த் ராடு எதுக்கு இருக்கு? கம்பிய மண்ணோட சேத்துக் கட்டிட்டு ஏற வேண்டியதுதானே?"

"இருக்குதுங்களே. ஸ்டோர் ரூம்ல பத்திரமா இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, இனி ராடு கட்டாமல் யாரும் ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார்கள். வந்ததும் வராததுமாகச் சண்டை வேண்டாம். அடுத்த மாதத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

ஜூன் 9

தேனுவுக்கு மூச்சிரைப்பு. இந்த ஊர்த் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குழலும் அதில் வைத்து அடிக்கிற மருந்தும் கொடுத்து, "இதுவே போதும்மா, மிஷின் தேவைப்படாது" என்றார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவார். மருந்தைப் புகையாக்கித் தருகிற, ஊரிலிருந்து கொண்டுவந்த கரண்ட் மிஷினைத்தான் நான் வைத்தேன். அது ஓடுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

ஜூன் 13

சாயங்காலம் பெரிய காற்று. ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. என் போனுக்கு ஊரே கூப்பிட்டது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன்.

"எம்மா, நம்ம வீட்ல மட்டும் ஏன் போகல?" என்று தேனு கேட்டாள்.

"அம்மா ஏ.இ.லா, அதான்" என்றேன்.

விளக்கு ஒருமுறை சிமிட்டிவிட்டு வந்ததே, அதற்கு முன் பின்பக்கம் டக் டக் என்று ஏதோ சத்தம் கேட்டது. பூனையாக இருக்கும்.

ஜூன் 19

இந்த மாதப் பராமரிப்பு வேலை இன்று. காலையில் முன்வாசல் விளக்கைப் போட்டு வைத்தேன். ஒன்பது மணிக்கு ஊர் லைனை நிறுத்தச் சொல்லிவிட்டு, தேனுவுக்குச் சாப்பாடு எடுத்துப் போகலாமென்று வீட்டுக்கு வந்தேன். மாகாளி போன் செய்தார்.

"மேடம், லைன் இன்னும் சாவலீங்க. உங்க வீட்டு வெளக்கு எரிஞ்சுட்டே இருக்குது. யாரும் ஏறாம நிக்கறோம்."

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். எரிந்தது. உள்ளே மின்விசிறியும் சுற்றியது. பின்பக்கம் போனேன். இத்தனை நாளும் அங்கே போகவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். போவதற்கு வேலையும் இருக்கவில்லை.

சுவரில் இரண்டு மெயின் சுவிட்சுகளின் இரும்புக் கைப்பிடிகள். ஒன்று ஊர் லைனுக்கு. இன்னொன்று நாச்சிமுத்துவின் கிணற்று மோட்டார் ரூமிலிருந்து மண்ணுக்கடியில் வருகிற வயருக்கு. தோட்டத்துக் கரண்ட் விவசாயத்துக்கென்று கொடுக்கிற வேறு லைன். ஊரில் நிறுத்தினாலும் அது நிற்காது, அதற்குக் காசும் கிடையாது. ஊர்க் கரண்ட் போனால் முதல் கைப்பிடியை இறக்கிவிட்டு இரண்டாவதை ஏற்றுகிறார்கள். வீடு எரிகிறது.

முதலாவதை இறக்க மறந்து இரண்டாவதை ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்துக் கரண்ட் வீட்டுக்குள் நுழைந்து, வந்த வழியே வெளியேறி, கம்பத்துக்குப் போகும். செத்த கம்பி என்று பிடித்திருக்கிறவனுக்கு அது கடைசிப் பிடி.

இன்று சரியாகத்தான் இறக்கியிருந்தார்கள். நான் சோதித்தேன்.

போனில் மாகாளி காத்திருந்தார். "இன்வெர்ட்டர் போட்டிருக்காங்க மாகாளி. லைன் ஆஃப்தான்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படீங்களா! அப்ப முன்னாடி லைட்ட மட்டும் இன்வெட்டர்ல இருந்து கழட்டி உட்ருங்க மேடம். எங்களுக்கு அதுதான் அடையாளம்."

சரி என்றேன். சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்தேன்.

ஜூன் 20

நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பதறவேயில்லை.

"ஏனுங் மேடம், இது புதுசுங்களா? தோட்டம் வெச்சிருக்கறவன் எல்லார் வீட்லயும் இருக்குதுங்க. பாப்பாவுக்கு மூச்சு இழுக்கறப்ப கரண்ட் வேணுமில்லீங்களா?"

ஒரே கைப்பிடியில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மட்டும் விழுகிற மாதிரி நல்ல சுவிட்ச் ஒன்று போடச் சொன்னேன். வயரையே பிடுங்கச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் ஈரோடு போகும்போது வாங்கி வருவதாகச் சொன்னார். நல்லது. அந்த சுவிட்ச் வந்துவிட்டால் யாருக்கும் ஆபத்தில்லை. அதுவரை கைப்பிடியை அவரே பார்த்துக்கொள்வார், கவனமான ஆள். முன்வாசல் விளக்கை அணைத்து வைத்தால் லைன் செத்திருக்கிறது என்று அர்த்தம். உண்மையிலும் லைன் செத்துத்தான் இருக்கும். விளக்கு பொய் சொல்லவில்லை. கொஞ்சம் சுற்றி வளைத்து உண்மை சொல்கிறது, அவ்வளவுதான்.

நான் புகார் எழுதினால் நாளைக்கே மறுபடி லாட்ஜ். எழுதாமல் இருப்பது தேனுவுக்காகத்தான்.

ஜூன் 28

அவர் கப்பலிலிருந்து பேசினார். ஊர் எப்படி, வீடு எப்படி என்று கேட்டார். கரண்டே போகாத வீடு என்று பெருமையாக ஆரம்பித்தேன். எப்படி என்று கேட்டார். சொன்னேன்.

"ரெண்டு ஹேண்டிலா? ஒண்ணை இறக்காம இன்னொண்ணு ஏறுமா? கனி, நெசமாவே உன்னய ஏ.இ. ஆக்கிருக்காங்களா?" என்றார்.

"சிக்னல் சரியா இல்ல" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 6

ஞாயிற்றுக்கிழமை. மாகாளி வந்து வேப்பமரத்தில் தேனுவுக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுத்தார். அலுவலகக் கயிறா என்று கேட்டேன். "ச்சே ச்சே, எங்கூட்டு மாட்டுக் கயிறுங்க" என்றார். அவள் அவர் தோளில் ஏறி, கம்பம் வரை போய், கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தாள்.

டீ குடிக்கும்போது அவர் தன்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். லைன் செத்துவிட்டது என்று யாரோ போனில் சொன்னதை நம்பி ஏறினாராம். மாகாளிதான் இறக்கியிருக்கிறார்.

"அதுல இருந்து நான் மனுசன் பேச்ச நம்பறதில்லீங்க மேடம். வெளக்குக்குப் பொய் சொல்லத் தெரியாதுல்லீங்களா?"

நான் இன்னொரு டீ போடட்டுமா என்று கேட்டேன்.

ஜூலை 7

சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 18

நாச்சிமுத்து ஈரோடு போய் வந்துவிட்டார். சுவிட்ச் வாங்கவில்லை. "ஆடி பொறந்துருச்சுங்களே மேடம். ஆடில புதுச் சாமான் எதுவும் வாங்கிப் பூட்டறதில்லீங்க. ஆவணி மொத நாளு நானே மாட்டிர்றேன்."

உரக்கக் கத்த வேண்டும்போல இருந்தது. தெய்வானையக்கா அந்த நேரம் பார்த்து தேனுவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கத்தவில்லை.

இந்த மாதப் பராமரிப்பு 24ஆம் தேதி. அன்று காலை நான் துணை மின் நிலையத்தில் இருக்க வேண்டும். "கரண்ட் போனதும் முன்வாசல் லைட்ட மட்டும் அணைச்சிருங்கக்கா, மறந்திராதீங்க" என்று தெய்வானையக்காவிடம் சொல்லி வைத்தேன். சுவிட்சைக் காட்டியும் கொடுத்தேன்.

ஜூலை 23

ஆடிக் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. தேனுவுக்கு ராத்திரியிலிருந்து இருமல். நாளை பள்ளிக்கூடம் வேண்டாம்.

ஜூலை 24

இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் எனக்கு வசதியான மாதிரி எழுதிவிடுவேன்.

ஒன்பது மணிக்கு ஊர் லைனை நிறுத்தினார்கள். பதினொரு மணிவாக்கில் தேனுவைப் பார்க்க வந்தேன். கட்டிலில் சாய்ந்து, முகமூடியை வைத்துக்கொண்டு மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தெய்வானையக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். முன்வாசல் விளக்கு அணைந்திருந்தது. எல்லாம் நான் சொன்னபடியே நடந்திருந்தது. நிம்மதியாக உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

வெளியே பேச்சுச் சத்தம். மாகாளியும் அவருடைய உதவியாள் ரங்கனும். எங்கள் வீட்டுக் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் ஒன்று உடைந்திருக்கிறது, அதை மாற்ற வந்திருக்கிறார்கள். முந்தின கம்பத்தில் இணைப்பை அவிழ்த்து, எங்கள் கம்பத்தைத் தனியாக்கிவிட்டு வந்ததாக ரங்கன் சொல்வது கேட்டது.

"மேடம் வீட்டு வெளக்கு அணைஞ்சிருக்குது பாரு. நான் ஏறறேன்" என்றார் மாகாளி. கொஞ்ச நேரத்தில் அந்தச் சுருதி கெட்ட பாட்டு மேலே போக ஆரம்பித்தது. தேனு முகமூடிக்குள் சிரித்தாள்.

அப்போதுதான் நாச்சிமுத்துவின் குரலே கேட்கவில்லை என்று உறைத்தது.

"அக்கா, அண்ணன் எங்க?"

"சந்தைக்குப் போயிட்டாரு அம்மணி."

"அப்ப பின்னாடி கைப்பிடிய யாரு போட்டா?"

"நாந்தான் இப்பக் கொஞ்சம் முந்திப் போட்டேன். புள்ளைக்கு இழுக்குதேன்னு ஓடிப் போயித் தள்ளி உட்டேன். நீ சொன்னாப்பல வெளக்கையும் அணைச்சுப் போட்டேன்."

"மேல இருந்த மொத கைப்பிடிய எறக்குனீங்களா?"

"எதைய அம்மணி?"

விளக்கை அணைக்கச் சொல்லிக் கொடுத்தேன். கைப்பிடியை இறக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எழுந்து ஓடினேன். சமையலறை, பாத்திரம் கழுவுகிற இடம், பின்கதவு. பின்கதவில் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. இழுத்துக்கொண்டிருக்கும்போது பாட்டு நின்றுவிட்டது. சட்டென்று நின்றது, வரிக்கு நடுவில். கதவைத் தோளால் இடித்துத் திறந்தேன். இரண்டு கைப்பிடிகளும் மேலே இருந்தன. இரண்டையும் இழுத்து இறக்கினேன். உள்ளே மிஷின் நின்றது. "எம்மா" என்று தேனு கூப்பிட்டாள். பதில் சொல்லாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். செருப்பில்லை. என்னத்தைப் பார்க்கப் போகிறேன் என்று தெரியாமலே ஓடினேன்.

மாகாளி மேலே பெல்ட்டில் சாய்ந்து நின்றிருந்தார். உயிரோடு இருந்தார். கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை வாயில் கடித்திருந்தார். பாட்டு நின்றது அதனால்தான். இடது கை பீங்கானைப் பிடித்திருந்தது. வலது கை கம்பியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் தொடவில்லை.

"தொடாதீங்க! எறங்குங்க மாகாளி!"

வாயிலிருந்ததை எடுத்துவிட்டுச் சிரித்தார். "லைன் செத்துத்தான் கெடக்குதுங்க மேடம். உங்க வெளக்கே சொல்லுதே."

"அந்த வெளக்கு அதுவா அணையல. நாந்தான் அணைக்கச் சொன்னேன். கம்பில கரண்ட் இருந்துச்சு. எறங்குங்க."

இறங்கினார். தெருவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்து வயர், இரண்டு கைப்பிடி, ஒரு மாதமாக எனக்குத் தெரியும் என்பது. ரங்கன் என்னைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாகாளி கம்பத்தடியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். வெயிலில் அவருக்குக் குளிர்ந்தது.

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்வெட்டர்னு சொன்னீங்க" என்றார்.

உள்ளே வந்து, டாக்டர் கொடுத்த குழலை எடுத்துத் தேனுவுக்கு இரண்டு முறை மருந்து அடித்தேன். உலையில் அரிசி போடுவதற்குள் மூச்சு சீராகிவிட்டது. குழலே போதும் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். எனக்கும் அப்போதே தெரியும்.

ஜூலை 25

காலையில் நானே நின்று தோட்டத்து வயரை வெட்ட வைத்தேன். மேலதிகாரியைப் போய்ப் பார்த்து, நாச்சிமுத்துவின் திருட்டையும் என் பொய்யையும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். விளக்கம் கேட்டு மெமோ வரும் என்றார். வரட்டும்.

நாச்சிமுத்து வாசலில் நின்றுகொண்டு சொன்னார்: "உங்கள நம்பித்தானுங்க வீடு உட்டேன்."

அட்வான்ஸ் ஏன் கேட்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது என்று எழுதலாம். பொய். ஜூன் 13ஆம் தேதியே புரிந்துவிட்டது. பூனையாம்.

மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். தெய்வானையக்கா அழுகிறார். "நான் அந்த மாகாளிப் பையனக் கொன்னிருப்பேனே அம்மணி" என்று சொல்லிச் சொல்லி அழுகிறார். அது உங்கள் பாவமில்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவருக்கு ஆறவில்லை.

ஆகஸ்ட் 3

புது வீடு. மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை. தெருவுக்கு நடுவில் இருக்கிறது. ஊருக்குக் கரண்ட் போனால் எங்களுக்கும் போகிறது. நேற்றுப் போனபோது தேனு கைதட்டி, "எம்மா, நம்ம வீட்லயும் போயிருச்சு!" என்றாள். பழைய வீட்டில் இருளே வராததால் பிள்ளைக்கு இது விளையாட்டாகிவிட்டது.

மாகாளி அலுவலகத்தில் சொன்ன வேலையைச் செய்கிறார். "சரிங்க மேடம்" என்கிறார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஊஞ்சல் மாமா ஏன் வரவில்லை என்று தேனு கேட்கிறாள்.

ஆகஸ்ட் 14

காற்றில் பழைய வீட்டுப் பக்கம் ஒரு கம்பி அறுந்துவிட்டது. ஆட்களோடு நானும் போனேன். எர்த் ராடுகளை நானே வண்டியில் ஏற்றிப் போயிருந்தேன். சொல்வதற்கு முன்பே மாகாளி இறக்கி, மண்ணில் அடித்து, இரண்டு பக்கமும் கட்டினார். அந்த வீட்டின் முன்வாசல் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

அறுந்த கம்பியின் முனை கம்பத்திலிருந்து தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது. கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் ஏறவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"மேடம், மொதல்ல நீங்க தொடுங்க."

ரங்கன் காலால் மண்ணைக் கிளறினான். லைனை நிறுத்தச் சொன்னது நான். ராடு கட்டியதைப் பார்த்தது நான். செத்த கம்பிதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியும் கை போகமாட்டேன் என்றது. அடுத்தவர் சொல்லை நம்பிக் கம்பியைத் தொடுவது எப்படியிருக்கும் என்று, இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தும், எனக்கு அதுவரை தெரியாது.

குனிந்து, வெறுங்கையால் கம்பியைப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் சுட்டது, அவ்வளவுதான்.

மாகாளி ஒரு நிமிஷம் என் கையையே பார்த்தார். பிறகு ஏறினார். பாட்டில்லை. மேலே போய் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, நான் பிடித்திருந்த கம்பியின் மேல் முனையில் கை வைத்தார். இனி நீங்கள் கையை எடுத்துவிடலாமே என்று ரங்கன் என்னிடம் சொன்னான். மாகாளி இறங்கட்டும் என்று சொல்லிவிட்டு, இந்த முனையைப் பிடித்தபடியே நின்றேன்.